ஆஸ்பத்திரிக்கு வாங்கிய வண்டி

1

போன வாரம் எங்கள் வார்டில், டீ குடிக்கும் அறையில், ஸ்டெல்லா என்னிடம் ஒரு யோசனை கேட்டாள். நாகர்கோவில் பக்கத்துப் பெண். அயர்லாந்துக்கு நர்ஸாக வந்து இன்னும் இரண்டு குளிர்காலம்கூட முழுதாகப் பார்க்கவில்லை.

"கலாக்கா, அப்பாவுக்கு ஒரு கார் வாங்கிக் குடுக்கலாம்னு இருக்கேன். அண்ணன் ஓட்டுவான். நீங்க உங்கம்மாவுக்கு வாங்கிக் குடுத்தீங்கல்ல? பிரயோஜனமா இருக்கா?"

"வண்டி நல்லா ஓடுதும்மா" என்று மட்டும் சொல்லிவிட்டுக் கோப்பையைக் கழுவ எழுந்துவிட்டேன். நான் சொன்னது பொய் இல்லை. ஆனால் அவள் கேட்டதற்கு அது பதிலும் இல்லை. வேலை இடத்தில் நின்றுகொண்டு சொல்லி முடிக்கிற கதை இல்லை என்பதால், அவளிடம் சொல்லாததை ஊரில் இருக்கிற உங்களுக்கு எழுதுகிறேன்.

எனக்குப் பாப்பிரெட்டிப்பட்டிக்குப் பக்கத்து ஊர். சேலத்தில் நர்சிங் படித்தேன். சென்னையில் சில காலம் வேலை பார்த்தபின் லிமரிக் என்கிற இந்த மழை ஊருக்கு வந்து சேர்ந்தேன். கணவர் ஒரு கிடங்கில் வேலை பார்க்கிறார். மகள் இனியா இங்கே வரும்போது கைக்குழந்தை, இப்போது என் தோள் உயரம். ஊரில் அம்மாவும் தம்பி சிவாவும் அவன் மனைவியும் இருக்கிறார்கள். அப்பா நான் படிக்கும்போதே போய்விட்டார்.

அம்மாவுக்குச் சர்க்கரை. வலது காலில் செருப்பு கடித்த இடம் புண்ணாகி, ஆறாமல் நின்றுவிட்டது. சர்க்கரைக்காரர்களின் கால் புண்ணைப் பற்றி எனக்கு யாரும் சொல்லித் தர வேண்டாம். இங்கே என் வேலையில் பாதி அதற்குக் கட்டுப் போடுவதுதான். அந்தக் காலை ஊன்றி அதிகம் நடக்கக் கூடாது, நெடுநேரம் நிற்கக் கூடாது. கட்டு மாற்ற ஒவ்வொரு செவ்வாய்க்கிழமையும் அம்மா தருமபுரி போக வேண்டும். வீட்டிலிருந்து பஸ் நிறுத்தம் வரை நடை, அப்புறம் பஸ்ஸில் நின்றுகொண்டு பயணம். இப்படிப் போனால் எந்த மருந்து போட்டாலும் ஆறாது என்று எனக்குத் தெரியும். அதனால்தான் கார் வாங்கினேன். அம்மா பெயரில் பதிவு செய்தோம். ஓட்டுவது சிவா. இன்சூரன்ஸை வருடா வருடம் இங்கிருந்து நானே கட்டிவிடுவேன்.

ஞாயிற்றுக்கிழமை போன் செய்யும்போது என் முதல் கேள்வியே அதுதான்.

"ஆஸ்பத்திரிக்கு கார்லதானே போன?"

"ஆமா கண்ணு. எனக்குன்னு நீ வாங்கிக் குடுத்த வண்டி, வேற எதுல போவேன்? சிவா வாசல்லயே கொண்டாந்து நிறுத்திடறான்."

அதைக் கேட்டபின்தான் எனக்கு அந்த வாரம் தொடங்கும். மழையில் பஸ்ஸுக்குக் காத்திருக்கும்போதும், இரவு வேலை முடிந்து கண் எரியத் திரும்பும்போதும், அம்மா காரில் உட்கார்ந்து போகிறார் என்கிற நினைப்பு ஒரு போர்வை மாதிரி இருந்தது. இந்த ஊரில் நான் படுகிற பாடு எதற்காக என்று யாராவது கேட்டால், அந்த ஒரு வாக்கியத்தைத்தான் சொல்லியிருப்பேன்.

ஆனாலும் புண் ஆறவில்லை. கடைசியில் சுண்டுவிரலை எடுக்க வேண்டியதாயிற்று. எனக்கு லீவு கிடைக்கவில்லை. வீடியோவில்தான் பார்த்தேன். "மாம்பழம் தின்னியா? டீயில சர்க்கரை போட்டியா? காரு இருந்தும் இப்படி ஆச்சுன்னா, நீ வாயைக் கட்டலைன்னுதானே அர்த்தம்?" என்று கத்தினேன். அம்மா போனைச் சிவாவின் மனைவியிடம் கொடுத்துவிட்டார்.

2

அதற்கடுத்த வருடம் நானும் இனியாவும் ஊருக்குப் போனோம். சிவா பெங்களூர் விமான நிலையத்துக்கு வண்டியோடு வந்திருந்தான். கண்ணாடிபோலத் துடைத்து வைத்திருந்தான். சீட்டுக்கு உறை, கதவோரம் தண்ணீர் பாட்டில், பின்னால் ஒரு சின்னக் குப்பைக்கூடை. "என்னடா, இவ்வளவு சுத்தமா வெச்சிருக்க" என்று சொல்லிப் பெருமைப்பட்டேன். அவன் சிரித்தான்.

ஆஸ்பத்திரி நாள் வந்தது. நானே ஓட்டுகிறேன் என்றேன். அயர்லாந்திலும் இடதுபக்கம்தான் ஓட்டுகிறோம் என்பதால் பயம் இல்லை. ஊர் லைசென்ஸையும் விடாமல் புதுப்பித்து வந்திருக்கிறேன். இனியாவைப் பின்னால் ஏற்றி, அம்மாவை முன்சீட்டில் உட்காரச் சொன்னேன். அவர் கதவைத் திறக்கத் தெரியாமல் கைப்பிடியை மேலே தூக்கிப் பார்த்தார், கீழே அழுத்திப் பார்த்தார். சீட் பெல்ட்டை எங்கிருந்து இழுப்பது என்று தெரியாமல் கையை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தார். கண் மங்கிவிட்டது, கண்ணையும் காட்ட வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

கடத்தூருக்கு முன்னால், வெள்ளைக்கோடு அழிந்துபோன ஒரு வேகத்தடை. எங்களுக்கு முன்னால் போன வேன் அதைப் பார்த்துச் சட்டென்று நின்றது. நானும் பிரேக்கை அழுத்தினேன். போதவில்லை. மரவள்ளிக்கிழங்கு மூட்டை விழுந்ததுபோல ஒரு சத்தம். யாருக்கும் அடி இல்லை. எங்கள் வண்டியின் முன்பக்கம் நசுங்கி, ரேடியேட்டரிலிருந்து தண்ணீர் ரோட்டில் ஓடியது. வேனின் பின்கதவு உள்வாங்கியிருந்தது.

நான் இறங்குவதற்குள் இனியா இறங்கிவிட்டாள். வேனிலிருந்து இறங்கியவரிடம் போய், "சாரி அங்கிள், சாரி, சோ சாரி" என்றாள். அதற்குள் கூட்டம் சேர்ந்திருந்தது. பைக்கை நிறுத்திவிட்டு வந்த ஒருவர், "பாப்பாவே ஒத்துக்கிச்சு பாரு. அப்புறம் என்னா பேச்சு?" என்று முடித்துவிட்டார்.

இனியாவைக் குறை சொல்ல முடியாது. லிமரிக்கில் கடையில் யாராவது நம் காலை மிதித்தால் நாம்தான் சாரி சொல்வோம். மூச்சு விடுவது மாதிரி அது. நான் வந்த புதிதில் ஒரு ரவுண்டானாவில் நான் ஓட்டிப்போன கணவரின் வண்டியை ஒரு பெண் உரசிவிட்டாள். பதற்றத்தில் நானும் சாரி சாரி என்றேன். இரண்டு நாள் கழித்து அவளுடைய இன்சூரன்ஸ்காரர்கள் போன் செய்து, "சம்பவ இடத்தில் நீங்கள் மன்னிப்புக் கேட்டீர்களாமே" என்று மிக மரியாதையாகக் கேட்டார்கள். அந்த ஒரு சொல்லிலிருந்து மீண்டு வர எத்தனையோ போன், எத்தனையோ கடிதம். அந்தப் பாடத்தை நான் கற்றுக்கொண்டேன். மகளுக்குச் சொல்லித் தர மறந்துவிட்டேன்.

வேன்காரர் நல்ல மனிதர். கம்பைநல்லூரில் உரக்கடை வைத்திருக்கிறாராம். "பரவால்லீங்க, உசுருக்கு ஒண்ணும் ஆவல இல்ல? உங்க வண்டிக்கு உங்க இன்சூரன்ஸு, என் வண்டிக்கு என் இன்சூரன்ஸு. பாத்துக்கலாம்" என்றார். கூட்டம் கலைந்தது. அப்போதுதான் அவருடைய மனைவி எங்கள் காரைச் சுற்றி வந்து, பின்கண்ணாடியில் ஒட்டியிருந்த ஸ்டிக்கரைப் பார்த்துவிட்டு நின்றார்.

"ஏங்க, இது சிவா தம்பி வண்டியில்ல? நாம ஒகேனக்கல் போனமே, இதே வண்டிதானே? சின்னவன் பின்சீட்டுல வாந்தி எடுத்துட்டான், அந்தத் தம்பி ஒரு சொல்லு சொல்லலியே. தானே தண்ணி ஊத்திக் கழுவுச்சு."

எனக்கு ஒன்றும் புரியவில்லை. "சிவா என் தம்பிதாங்க" என்றேன்.

"அப்படீங்களா? தங்கமான பையன். எங்க தெருவுல யாரு எங்க போனாலும் அந்தத் தம்பியத்தான் கூப்புடுவோம்."

நான் காருக்குள் உட்கார்ந்திருந்த அம்மாவைப் பார்த்தேன். கண்ணாடி இறக்கியிருந்தது. அவருக்குக் கேட்டிருக்கும்.

"வேற வண்டியா இருக்கும்" என்றார் அம்மா, அந்தப் பக்கத்துப் புளியமரத்தைப் பார்த்துக்கொண்டு.

3

சிவா பைக்கில் வந்து சேர்ந்தான். வண்டியைக் கட்டி இழுத்துத் தருமபுரியில் அவனுக்குத் தெரிந்த ஒர்க்‌ஷாப்பில் விட்டோம். அன்று ஆஸ்பத்திரிக்கு ஆட்டோவில் போய் வந்தோம். வீட்டுக்கு வந்ததும் அவனைக் கேட்டேன்.

"ஒரே ஒரு தடவைக்கா. தெரிஞ்சவங்க ரொம்பக் கேட்டாங்கன்னு போனேன். அதுல போயி வாடகைன்னு என்னா இருக்குது? டீசலுக்குத்தான் குடுத்தாங்க."

"தெருவே கூப்புடும்னு அந்தம்மா சொன்னாங்களே."

"பேச்சுக்கு சொல்லியிருப்பாங்க. நம்ம ஊர்ல யாரு அளந்து பேசறாங்க?"

நான் நம்பினேன். நம்ப விரும்பினேன் என்பதுதான் சரி. இவனை இடுப்பில் தூக்கி வளர்த்தவள் நான். ஊருக்கு வந்த சில நாளில் சண்டை வேண்டாம் என்றும் இருந்தது.

"இன்சூரன்ஸ் சர்வேயர் வந்து கேட்டா மட்டும் பாத்துப் பேசுக்கா" என்றான் போகும்போது. "சொந்த உபயோகத்துக்குன்னு பதிஞ்ச ஓன் போர்டு வண்டிய வாடகைக்கு ஓட்டினோம்னு தெரிஞ்சா இன்சூரன்ஸ்ல ஒண்ணும் தரமாட்டாங்க."

ஒரே ஒரு தடவை என்றால் இவன் ஏன் இதை இவ்வளவு தெரிந்துவைத்திருக்கிறான் என்று அப்போதே எனக்குத் தோன்றியிருக்க வேண்டும்.

4

சர்வேயர் வருகிற அன்று வண்டி யார் பெயரில் இருக்கிறதோ அவரும், ஓட்டியவரும் வந்தால் நல்லது என்றார்கள். சிவா தன் நண்பனின் காரில் எங்களைக் கூட்டிப்போனான். இனியாவும் வந்தாள்.

ஒர்க்‌ஷாப்பில் அம்மாவுக்கு ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டார்கள். சர்வேயர் அவசரமில்லாத ஆள். நசுங்கிய பகுதியைப் போனில் படம் எடுத்தார், லைசென்ஸைப் பார்த்தார், எப்படி இடித்தது என்று கேட்டு எழுதிக்கொண்டார். பிறகு கதவைத் திறந்து உள்ளே தலையை நீட்டிக் கிலோமீட்டரைப் பார்த்தார்.

"சொந்த உபயோகம்தானுங்களே?"

"ஆமாங்க சார்" என்றான் சிவா. "அம்மாவ ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டு வர்றதுக்குத்தாங்க."

"எந்த ஆஸ்பத்திரிங்க? காசியில இருக்குதா?"

வேலை செய்துகொண்டிருந்தவர்கள் சிரித்தார்கள். சிவாவும் சிரித்தான். சர்வேயர் சிரிக்கவில்லை.

"இவ்ளோ ஓடியிருக்குதே. உள்ளதச் சொல்லுங்க, வாடகைக்குப் போவுதா?"

சிவா வாயைத் திறப்பதற்குள் நாற்காலியிலிருந்து அம்மாவின் குரல் வந்தது.

"இல்லீங்க சார். எனக்குன்னு எம்பொண்ணு வாங்கிக் குடுத்த வண்டிங்க. வேற எதுக்கும் எடுக்கறதில்லீங்க. பையன் வாசல்லயே கொண்டாந்து நிறுத்திடுவான்."

தடுமாற்றம் இல்லை. குரல் உயரவும் இல்லை, தாழவும் இல்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் எனக்குச் சொல்கிற அதே சொற்கள், அதே ஏற்ற இறக்கம். இத்தனை வருடம் என்னை ஆற்றிய வாக்கியத்தை, அம்மா முன்பின் தெரியாத ஒருவரிடம், அவரை நம்ப வைப்பதற்காகச் சொல்வதை நான் பக்கத்தில் நின்று கேட்டேன். இந்த வாக்கியம் எதற்கென்று செய்யப்பட்டது என்பது எனக்கு அங்கே நின்றபடியே புரிந்தது. 

சர்வேயர் என் பக்கம் திரும்பினார். "நீங்க சொல்லுங்க மேடம். நீங்க படிச்சவங்க."

சிவா என்னைப் பார்த்தான். அம்மா தன் காலைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆமாம் வாடகைக்கு ஓடுகிறது என்று சொன்னால், பொய் சொன்னது வண்டிக்குச் சொந்தக்காரியான அம்மா என்றாகும். இல்லை என்று சொன்னால் நானும் அவர்களோடு சேர்ந்து நிற்பேன்.

"எனக்குத் தெரியாதுங்க" என்றேன். "நான் வெளிநாட்டுல இருக்கேன்."

 அவர் தலையாட்டிவிட்டு எழுதிக்கொண்டார்.

5

சிவாவுக்கு ஒர்க்‌ஷாப்பில் வேலை இருந்தது. நண்பன் காரை எடுத்துக்கொண்டு போய்விட்டான். நாம் பஸ்ஸில் போகலாம் என்றேன். அம்மா, "ஆட்டோ புடிச்சிக்கலாம் கண்ணு" என்றார். அவ்வளவு தூரம் ஆட்டோவா என்றேன். "கூட்டமா இருக்கும்" என்றார். நான் கேட்கவில்லை. எனக்கு அப்போது பிடிவாதம் வந்துவிட்டிருந்தது.

பஸ்ஸில் அம்மா தலையைக் குனிந்தபடி ஏறினார். பின்னாலிருந்து கண்டக்டர் குரல் கொடுத்தார்.

"என்னாங்கம்மா, இன்னிக்குச் செவ்வாக்கெழம இல்லியே. மாத்திட்டாங்களா?"

 கண்டக்டர் கூட்டத்தை விலக்கி வந்து, ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த ஒருவரின் தோளைத் தட்டினார். "கொஞ்சம் எடம் குடுங்க. அம்மாவுக்குக் கால் முடியாது." அம்மா உட்கார்ந்ததும் கேட்காமலே பெண்களுக்கான இலவச டிக்கெட்டைக் கிழித்துக் கையில் வைத்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"நீங்க யாருங்க?"

"பொண்ணு."

"ஓ, வெளிநாட்டுல இருக்கறவங்களா? அம்மா உங்களப் பத்திச் சொல்லுவாங்க. வெரலு எடுத்தப்போ ஒரு மாசம் பஸ்ஸுக்கே வரல. நாங்கல்லாம் பயந்துட்டோம். டிரைவரு நெதமும் கேப்பாரு."

இனியா என் கையைப் பிடித்து இழுத்தாள். அவளுடைய தமிழ் நேரான தமிழ். சுற்றி வளைக்கத் தெரியாது. மெதுவாகப் பேசவும் தெரியாது.

"ஆயா எப்பவும் பஸ்லயா போவாங்க?"

"எப்பவும் நம்ம பஸ்ஸுதான் பாப்பா" என்றார் கண்டக்டர் சந்தோஷமாக.

அம்மா ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். நான் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஊர் வரும்வரை நின்றேன். ஒவ்வொரு நிறுத்தத்திலும் பஸ் குலுங்கி நிற்கும்போது ஒருவருடைய எடை எந்தக் காலுக்குப் போகிறது என்று என் உடம்பே எனக்குச் சொன்னது. மாம்பழம் தின்றாயா என்று நான் கத்தியது ஞாபகம் வந்தது. அம்மா அப்போதும் பதில் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் சிவா மாட்டியிருப்பான்.

6

நிறுத்தத்திலிருந்து எங்கள் வீட்டுக்குப் போகிற வழியில் வாய்க்காலுக்கு மேல் ஒரு சின்னப் பாலம். அம்மா பழக்கமான ஆள் மாதிரி நேராகப் போய் அதன் சுவர்மேல் உட்கார்ந்தார். வழக்கமாக ஓய்வெடுக்கிற இடம் என்று தெரிந்தது. இனியாவை முன்னால் போகச் சொன்னேன்.

"எத்தன நாளாம்மா?"

"மொத மூணு நாலு தடவ கூட்டிட்டுப் போனான். அப்புறம் அவனுக்குச் சவாரி வந்துச்சு. நாந்தான் போவச் சொன்னேன்."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா நீ என்ன பண்ணியிருப்ப? வண்டிய வித்துடுன்னு இருப்ப. அவனோட பேசாமப் போயிருப்ப."

"வேற வாடகை வண்டி வெச்சுக்கன்னு சொல்லியிருப்பேன். நான் அனுப்பியிருக்க மாட்டனா?"

"சொந்த மவன் வண்டி ஓட்டறான், ஆத்தா அடுத்தவன் வண்டியில ஏறிப் போறாளேன்னு ஊரு பேசறதுக்கா? அவனுக்குப் பொண்ணு குடுத்ததே வண்டி இருக்குதுன்னுதான் கலா."

நான் அழுதுகொண்டிருந்தேன். அம்மா அழவில்லை.

"விரல் போச்சேம்மா. நடந்ததாலதான் போச்சு. எனக்குத் தெரியும், இது என் வேலை."

"தெரியும். டாக்டரும் சொன்னாரு."

"தெரிஞ்சுமா எனக்குப் பொய் சொன்ன?"

அம்மா வாய்க்காலைப் பார்த்தார். தண்ணீர் இல்லை. பிளாஸ்டிக் பைகள் கிடந்தன.

"நீ வண்டி வாங்கிக் குடுத்த. அதுல என்ன ஏத்தி எறக்கறதுக்கு ஆளு வாங்கிக் குடுக்க முடியுமா? ராத்திரியில எனக்கு மூச்சு முட்டுனா எந்திரிச்சு வர்றது அவன்தான். அந்த வூட்லதான் எனக்குச் சோறு. உங்கிட்டப் பொய் சொன்னா நீ கோவிச்சுக்குவ, அழுவ, மறுபடியும் ஞாயித்துக்கெழம போன் பண்ணுவ. அவன் கோவிச்சுக்கிட்டா நான் எங்க போவேன்?"

  அவர் சொன்னதில் தப்பு எங்கே இருக்கிறது என்று இன்றுவரை தேடித் தேடிப் பார்க்கிறேன். கிடைக்கவில்லை. கிடைத்திருந்தால் வலி குறைந்திருக்கும். யாரை ஏமாற்றினால் தாங்குவாள் என்று கணக்குப் பார்த்து, அம்மா என்னைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்.

அன்று மாலை சிவா வந்தபோது அவனுக்கு விஷயம் தெரிந்திருந்தது. எப்படித் தெரிந்தது என்று கேட்கவில்லை. ஒரே வீட்டில் இருக்கிறவர்கள்.

"வேற வேல எங்கக்கா இருக்குது இங்க? திருப்பூர் போவணும், இல்ல பெங்களூர் போவணும். நான் போயிட்டா இவங்கள யாரு பாக்கறது? நீ வருவியா?"

"அம்மாவக் கூட்டிட்டுப் போறதுக்கு வாரத்துல ஒரு நாள் இல்லியாடா உனக்கு?"

"செவ்வாக்கெழமதான் சவாரி அதிகம். அம்மாவே வேணாம்னு சொன்னாங்க. கேட்டுப் பாரு."

அம்மா அடுப்படியிலிருந்து, "ஆமா, நாந்தான் சொன்னேன்" என்றார். சாப்பிடக் கூப்பிட்டார். எனக்குப் பிடிக்கும் என்று களியும் கீரையும் செய்திருந்தார். விருந்தாளிக்குப் போடுவதுபோல எனக்கு முதலில் போட்டார்கள்.

7

நாங்கள் திரும்பி வந்து சில வாரத்தில் இன்சூரன்ஸ் பாஸானது. சர்வேயர் என்ன எழுதினார் என்று தெரியாது. நான் ஒரு வார்த்தை சேர்த்துச் சொல்லியிருந்தால் பாஸாகியிருக்காது. சிவா புது பம்பரோடு வண்டியின் படத்தை அனுப்பினான். "எல்லாம் உன்னாலதான்க்கா" என்று எழுதியிருந்தான். அதில் கிண்டல் இல்லை. அவன் உண்மையாகவே நன்றி சொல்லியிருந்தான். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

இனியா இப்போது ஞாயிற்றுக்கிழமை போனுக்கு வந்து உட்காருவதில்லை. முன்பெல்லாம் திரையில் முகத்தைக் காட்டி, "ஆயா, சாப்ட்டீங்களா?" என்று மனப்பாடம் மாதிரி ஒன்றைச் சொல்லிவிட்டு ஓடுவாள். ஒரு நாள் கூப்பிட்டேன்.

"அவங்க சொல்றது நிஜமான்னு எனக்கு எப்படித் தெரியும்?" என்றாள். கோபமாக இல்லை, சும்மா கேட்டாள். "நீங்களும் சும்மாதான் கேக்கறீங்கம்மா."

நான் அவளைத் திட்டவில்லை. அவளுக்கு ஊரோடு இருந்த நூலே மெல்லியது. அதை அறுத்தது யார் என்று யோசித்தால் வேகத்தடை, கண்டக்டர், தம்பி, அம்மா, நான் என்று வரிசையாக முகங்கள் வருகின்றன. ஒரு முகத்தில் நிற்கவில்லை.

நான் ஒரே ஒரு கண்டிப்பு வைத்தேன். செவ்வாய்க்கிழமை அம்மாவைக் காரில்தான் கூட்டிப்போக வேண்டும், இல்லாவிட்டால் இனி இன்சூரன்ஸ் கட்டமாட்டேன் என்று சிவாவிடம் சொன்னேன். அவன் ஒப்புக்கொண்டான். அந்த வாரத்திலிருந்து செவ்வாய் காலையில் எனக்கு ஒரு படம் வரும். அம்மா முன்சீட்டில் உட்கார்ந்திருப்பார். சீட் பெல்ட் போட்டிருப்பார். தலையைச் சீவிப் பூ வைத்திருப்பார். நான் வேலைக்குக் கிளம்பும்போது அது வந்திருக்கும். பார்த்துவிட்டுக் கிளம்புவேன். மூன்று மாதம் அப்படி வந்தது.

நான்காவது மாதம் ஒரு ஞாயிறு, அம்மா வழக்கத்தைவிடச் சத்தம் குறைத்துப் பேசினார். போனைக் கொல்லைப்பக்கம் எடுத்துக்கொண்டு போனார். கோழி கத்துவது கேட்டது.

"கலா, ஒண்ணு சொல்றேன், அவங்கிட்டக் கேட்டுடாத."

"சொல்லு."

"படம் புடிக்கறதுக்குத்தான் வண்டியில உக்கார வெக்கறான். புடிச்சதும் எறங்கிக்குவேன். அப்புறம் எப்பவும்போல பஸ்ஸுதான்."

 அங்கே அவருடைய மூச்சு கேட்டது.

"இனிமே உங்கிட்டப் பொய் சொல்ல முடியல கண்ணு. அன்னிக்குப் பாலத்துல நீ அழுததுல இருந்து முடியல. அதான் சொல்லிட்டேன். கேட்டுடாத, என்னா?"

"கேக்கல."

"இந்த வாரம் ஜன்னல் சீட்டு கெடச்சுது" என்றார் அம்மா. "கால நீட்டி உக்காந்துட்டு வந்தேன்."

அடுத்த செவ்வாய் காலை படம் வந்திருந்தது. பச்சைப் புடவை, பூ, சீட் பெல்ட். வெளியே இங்கே மழை பெய்துகொண்டிருந்தது. நான் காலணிக் கயிற்றைக் கட்டிவிட்டுத் தம்பிக்குப் பதில் எழுதினேன்: "அம்மாவைப் பார்க்க சந்தோஷமா இருக்குடா. மெதுவா ஓட்டு."